புக்கு அம்புஜம்

ஒக்கலிபுரத்தில் போய் அம்புஜம் வீடு எங்கே என்று கேட்டால், எந்த அம்புஜம் என்று திருப்பிக் கேட்பார்கள். பால் பூத்துக்கு எதிரே ஓர் அம்புஜம், கோயில் சந்தில் இன்னோர் அம்புஜம். புக்கு அம்புஜம் என்று சொல்லிவிட்டால் போதும், கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். வருகிற வழியிலேயே கதையையும் சொல்லி முடித்திருப்பார்கள். அந்தம்மாவைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள், பெற்ற அப்பனுக்கு எதிராகவே பயப்படாமல் உண்மையைச் சொன்ன பொம்பளை, இப்படி ஒருத்தியை இனிமேல் பார்க்க முடியுமா என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைப் படித்தது கிடையாது. படிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ் பேசி, கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த ஜனங்கள். கன்னடப் பேப்பரைக் கடகடவென்று வாசிப்பார்கள். தமிழ் எழுத்தை நீட்டினால் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடுவார்கள், கண்ணாடி கிடைத்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அம்புஜமும் கன்னடத்தில் நான்காம் வகுப்புதான். தன்னைப் பற்றிய புத்தகத்தில் தன் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அவளால் காட்ட முடியாது. வரவும் வராது. நாவலில் அவளுக்கு மங்களம் என்று பெயர்.

நாவலின் பெயர் ‘சந்தனக் கரி’. எழுதியவர் கோவிந்தராஜன், ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். வேறெதுவும் பெரிதாக எழுதவில்லை. ஆனால் அந்த ஒன்று நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தார்கள். ஊதுபத்திக் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்து ஒரு பெண் சாகிறாள். கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்று விசாரணை நடக்கிறது. சாவி வைத்திருந்த வாட்ச்மேனின் மகளே அதிகாரி முன்னால் போய் நின்று, “பூட்டித்தான் இருந்தது சார். பூட்டினது எங்க அப்பா. பூட்டச் சொன்னது முதலாளி” என்கிறாள். இந்த மூன்று வாக்கியத்தை மேடையில் பேசிக் கண்ணீர் விட்ட மாணவிகள் எத்தனையோ பேர்.

அம்புஜம் அதைச் சொல்லவில்லை. சொன்னவள் கூட வேலை செய்த அன்னம்மாள். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒளித்தது போதும்.

நடந்தது இதுதான். மாகடி ரோடு பக்கம் ஒரு பழைய ஷெட்டில் அந்தக் கம்பெனி இருந்தது. இருபது பெண்கள் பத்தியை எண்ணிப் பெட்டியில் போடுவார்கள். பக்கத்து அறை செண்ட் ரூம். காயவைத்த பத்தியை அங்கேதான் வாசனை எண்ணெயில் முக்கி எடுப்பார்கள். கதவு திறந்திருந்தால் வாசனை போய்விடும் என்று எல்லாவற்றையும் சாத்திவைப்பது எந்தப் பத்திக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். இந்த முதலாளி ஒரு படி மேலே போனார். பெண்கள் பாக்கெட்டைப் புடவையில் செருகிக்கொண்டு போகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, சாத்திய கதவை வெளியே பூட்டவும் வைத்தார். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறப்பார்கள், தடவிப் பார்த்து அனுப்புவார்கள். சாவி அம்புஜத்தின் அப்பா இடுப்பில் தொங்கும்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு முதலாளி வீட்டுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அப்பாவை அனுப்பியிருந்தார்கள். பதினொன்றே காலுக்குச் செண்ட் ரூமில் பற்றியது. அம்புஜத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கதவை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டு, “அப்பா, பூட்டைத் தொறப்பா” என்று கத்தியது அவள்தான். பக்கத்தில் அவள் சிநேகிதி யசோதா நின்றாள். “எங்கப்பா வந்துடுவாருடி, இங்கியே நில்லு” என்று அவளிடம் சொன்னதும் அம்புஜம்தான். அன்னம்மாள் மட்டும் கதவை நம்பவில்லை. பலகையால் ஜன்னல் கட்டைகளை உடைத்து, அம்புஜத்தின் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். யசோதா கதவடியிலேயே கிடந்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் சூப்பர்வைசர் அம்புஜத்தின் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, அவ்ளோதான். பூட்டியிருந்துச்சுன்னு வாயத் தொறந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? சாவி யார்கிட்ட இருந்துச்சு? முதலாளிக்கு வக்கீல் இருக்காரு. உங்கப்பனுக்கு யாரு இருக்காங்க?” அப்பா மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இல்லாத வீடு. அம்புஜத்துக்கு அப்பாவைத் தவிர ஆள் கிடையாது.

மறுநாள் ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டார்கள். யார் என்ன சொன்னாள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அம்புஜத்துக்கு முன்னால் அன்னம்மாள் போனாள். வெளியே வந்தவள் அம்புஜத்தின் காதோடு சொன்னாள்: “நான் உள்ளதைச் சொல்லிட்டேன்டி. வாட்ச்மேன் மேல பழி போடாதீங்கோ, பூட்டச் சொன்னது முதலாளின்னும் சேத்துச் சொல்லிட்டேன். உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. பயப்படாம போய்ச் சொல்லு.”

அம்புஜம் உள்ளே போனாள். அதிகாரி கன்னடத்தில் கேட்டார். “பாகிலு பீகா ஹாகித்தா?” கதவு பூட்டியிருந்ததா? அவள், “இல்லா சார்” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டார். போட்டாள்.

படி இறங்கி வந்தால் கீழே யசோதாவின் அம்மா ஜானகி நிற்கிறாள். காலையிலிருந்து வெயிலில் நின்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள். அம்புஜத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீயாவது என் பொண்ணுக்காக உண்மையைச் சொன்னியாம்மா?” என்று கேட்டாள். அம்புஜம் தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று யாராவது அவளுக்குச் சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜானகி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலமே அவர்கள் குடியிருந்த காம்பவுண்டு முழுக்க, வாட்ச்மேன் மகள் அப்பனையும் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று பரவிவிட்டது.

ஒருத்தி பேச்சுக்கு எதிராகப் பதினெட்டுப் பேர் பேச்சு. கதவு திறந்திருந்தது, பெண் பயத்தில் வழி தவறினாள், விபத்து என்று எழுதி முடித்தார்கள். கம்பெனி ஆறு மாதம் மூடிக் கிடந்து வேறு பெயரில் வேறு இடத்தில் திறந்தது. பழைய பெண்களைத் திரும்ப எடுத்தார்கள். அன்னம்மாளை எடுக்கவில்லை. அம்புஜத்தைக் கூப்பிட்டார்கள், பத்தி வாசனை வந்தாலே குமட்டுகிறது என்று அவள் போகவில்லை. உண்மையைச் சொன்னதால் அம்புஜத்துக்கு வேலை போயிற்று என்று ஜனங்கள் தாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அன்னம்மாள் விஷயத்தில் வேறு கணக்கு. அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு லிங்கராஜபுரம் போனாள். போன இடத்தில் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. சர்ச்சில் கொடுத்த பழைய மிஷின் அது. ஆனால் குழாயடியில், “முதலாளி வாங்கிக் குடுத்தாராம், கதவு தொறந்திருந்துச்சுன்னு சொன்னதுக்கு” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நாலு பேர் “அப்படியா?” என்றார்கள், மறுநாள் அது நிஜமாகிவிட்டது. அம்புஜம் அந்தக் குழாயடியில்தான் இருந்தாள். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்துக் காம்பவுண்டு மாடிக்குக் கோவிந்தராஜன் குடிவந்தார். கதை கேட்டுத் திரிகிறவர் என்று தெரிந்ததும், ஜானகியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “இவதான் சார். என் பொண்ணுக்காகப் பேசின மகராசி” என்று சொல்லி அம்புஜத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்புஜம், அன்னம்மாள் தன் காதில் சொன்னதைத் தான் அதிகாரியிடம் சொன்னதாகச் சொன்னாள். கோவிந்தராஜன் எழுதிக்கொண்டார்.

“அப்ப மாத்திச் சொன்னதுல யாராவது காசு வாங்கினாங்களா?” என்று கேட்டார்.

“அன்னம்மா” என்றாள் ஜானகி. “மிஷின் வாங்கிக்கினு போய்ட்டா.”

கோவிந்தராஜன் அம்புஜத்தைப் பார்த்தார், அப்படித்தானா என்கிற மாதிரி. அவள் எழுந்து அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் அதையும் எழுதி முடித்திருந்தார். நாவலில் ரோசம்மா என்று ஒருத்தி வருகிறாள். ஒரு தையல் மிஷினுக்காகச் செத்த பெண்ணைக் காட்டிக் கொடுக்கிறவள். படித்தவர்கள் அவளைச் சபிக்காமல் அந்த அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை.

புத்தகம் வந்ததும் கோவிந்தராஜன் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தவர், பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அதைப் பற்றி அப்பனும் மகளும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அப்பா இருக்கும்வரை அப்பாவுக்காக வாயை மூடினாள். அவர் போன பிறகு ஜானகிக்காக. கிழவி இதைத் தாங்க மாட்டாள் என்று. ஜானகியும் போன பிறகு மகன் சீனுவுக்காக. யாருக்காகவாவது என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது மட்டுமல்ல, அந்தப் பேருக்குத் தக்கபடி நடக்கவும் செய்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயா வேலை. தப்பு செய்த டாக்டரை எதிர்த்துப் பேசியிருக்கிறாள், கண்டெடுத்த சங்கிலியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். காம்பவுண்டில் சண்டை வந்தால், “புக்கு அம்புஜம்மாவக் கூப்பிடு, அது சொல்றதுதான்” என்பார்கள். அவளும் வந்து உள்ளதை உள்ளபடி சொல்வாள். அந்த ஒன்றைத் தவிர.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதெல்லாம் லிங்கராஜபுரம் போகிற பஸ் நிற்பதைப் பார்ப்பாள். ஏறினால் அரைமணி நேரம். ஏறியதில்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் லாவண்யா வந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண், இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்லூரியில் ‘சந்தனக் கரி’ படித்ததிலிருந்து மங்களத்தின் மேல் பைத்தியமாம். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து தமிழ் மன்றம் ஒன்று நடத்துகிறார்கள். நாவலுக்கு நாற்பது வருஷம் ஆகிறது, செப்டம்பரில் விழா, புதுப் பதிப்பு, வீடியோ.

“நிஜ மங்களம் இங்கே பக்கத்துலயே இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் எனக்குத் தூக்கமே வரலம்மா. நீங்க மேடையில அஞ்சு நிமிஷம் பேசினா போதும்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “ரோசம்மாகூட உயிரோடதான் இருக்காங்களாம். லிங்கராஜபுரத்துல தைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னார். பயப்படாதீங்க, அவங்களைக் கூப்பிட மாட்டோம்.”

ஆட்டோ ஓட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்த சீனுவும் அதற்குச் சிரித்தான். அம்புஜம் சிரிக்கவில்லை. அன்னம்மாள் உயிரோடு இருக்கிறாள். எழுபது வயசு இருக்கும். இன்னும் அந்த மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தாள். மேடையில் சொல்லிவிடுவது. எல்லார் முன்னாலும், மைக்கில், வீடியோவில். அன்னம்மாள் பேரை எந்தப் புத்தகம் கெடுத்ததோ அந்தப் புத்தகத்தின் விழாவிலேயே துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுவது. வெறும் கையோடு போய் என்னத்தைச் சொல்வது? நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மங்களம் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் நேராக பஸ் ஏறிப் போயிருந்தால் அன்றைக்கே அரைமணியில் முடிந்திருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் காத்திருந்தாள். என்ன பேசுவது என்று பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விழாவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சீனு புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒரு மாணவி அந்த மூன்று வாக்கியத்தைப் பேசிக் காட்டி அழுதாள். பிறகு அம்புஜத்தைக் கைத்தாங்கலாக மைக்குக்குக் கூட்டிப் போனார்கள். சபை எழுந்து நின்று கை தட்டியது.

“ஒக்காருங்கோ” என்றாள் அம்புஜம். “நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் தட்டுங்கோ. இந்தப் பொண்ணு இப்ப சொல்லிச்சே, அதை நான் சொல்லல. அன்னம்மான்னு ஒருத்தி, அவ சொன்னா. நான் உள்ள போய் பூட்டலன்னு சொல்லிட்டு வந்தேன். எங்கப்பாவுக்காக. அப்புறம் எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன்னு பொய் சொன்னேன். புக்கு எழுதினவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன். அந்த ரோசம்மா இருக்காளே, அது அவ இல்ல. அது நான்.”

அம்புஜம் மேலே சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைமை தாங்கிய பேராசிரியர் எழுந்து மைக்கை வாங்கினார்.  “பாருங்கள், இதுதான் மங்களம்! காட்டிக் கொடுத்தவளின் பாவத்தைக்கூடத் தன் மேல் போட்டுக்கொள்கிற மனசு! ரோசம்மாவை மன்னிக்கச் சொல்லி நம்மைக் கேட்கிறார் அம்மா. கோவிந்தராஜன் எழுதாமல் விட்ட கடைசி அத்தியாயத்தை இன்று நாம் கண்ணால் பார்த்தோம்” என்றார். சபை மறுபடி எழுந்து நின்றது. இந்தத் தடவை பாதிப் பேர் அழுதுகொண்டே தட்டினார்கள்.

“நெசமா சொல்றேன் சார்” என்று அம்புஜம் கத்தினாள். மைக் அவர் கையில் இருந்தது. சால்வை ஒன்று அவள் தோளில் விழுந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது சீனு, “ஏம்மா அப்படிப் பேசின? ஜனங்க நல்லவங்க, அதனால நல்லபடியா எடுத்துக்கினாங்க” என்றான்.

“நான் சொன்னது நெசம்டா.”

“சும்னே இரும்மா. சுகர் ஏறிக்கிச்சு உனக்கு.” அதற்குப் பிறகு வீடு வருகிறவரை அவன் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அம்புஜத்துக்குத் தெரிந்தது. அவன் அதை வேண்டாம் என்கிறான், அவ்வளவுதான்.

லாவண்யாவுக்கும் புரிந்திருந்தது. மறுநாள் போன் செய்தாள். குரலில் பழைய குதூகலம் இல்லை. “வீடியோவில அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டேன்மா. நீங்க கும்பிடறது, சால்வை போடறது, அது இருக்கு. புக் ஆயிரம் காப்பி அச்சாயிடுச்சு. உங்களுக்கும் இதுதான் நல்லது.” அம்புஜம் போனை வைத்துவிட்டாள். ஊர் முன்னால் உடைத்துப் போட்ட உண்மையை அவர்கள் ஒரே ராத்திரியில் ஒட்டவைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது அன்னம்மாள் ஒருத்திதான். அன்றைக்கே பஸ் ஏறினாள்.

லிங்கராஜபுரத்தில் தையல்கார அன்னம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சந்துக்குள் சின்ன வீடு. நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன் வாசலில் உட்கார்ந்து ஏசி மிஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“ஆன்ட்டி, நீங்க ஒக்கலிபுரம் புக்கு ஆன்ட்டி இல்ல? காலைலதான் வீடியோ வந்துச்சு, எங்க சர்ச் குரூப்ல. உள்ள வாங்க ஆன்ட்டி. நான் லாயிட்.”

“அன்னம்மா இருக்காளாப்பா?”

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே காட்டினான். சுவரில் படம். அடியில் சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. “போன மாசம் பதினாறாந்தேதி ஆன்ட்டி. மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரில நாலு நாள் இருந்தாங்க.”

போன மாதம் பதினாறாம் தேதி அம்புஜம் என்ன செய்துகொண்டிருந்தாள்? விழாவில் பேசுவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். படத்துக்குக் கீழே தையல் மிஷின். அதன் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் சர்ச்சின் பெயரும் வருஷமும் எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து படித்திருக்கலாம்.

லாயிட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தான். 

“நீங்க எங்க வீடு தேடி வந்துக்கிறீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்குத் தமிழ் படிக்க வராது ஆன்ட்டி. சர்ச்சுல ஒரு அங்கிள் அந்த ரோசம்மா வர்ற எடத்தை மட்டும் படிச்சுக் காட்டினாரு. அப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். ரெண்டு வருஷம் அம்மாகூடப் பேசல. அவங்க பண்ணதுக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

 “டேய், கேக்காதடா” என்றாள். “கேக்காத. உங்கம்மா ஒண்ணும் பண்ணல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மேடையில் சொன்னது மாதிரி இல்லை. தேய்த்து மெருகேற்றிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. கதவு, ஜன்னல், அன்னம்மாள் கையைப் பிடித்து இழுத்தது, காதில் சொன்னது, “இல்லா சார்” என்றது, ஜானகி, குழாயடி, பால் பார்க்க எழுந்து போனது, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.  சொல்லி முடித்து லாயிட் முகத்தைப் பார்த்தாள். நம்பிவிட்டான். இத்தனை பேரில் நம்பியதை வேண்டாம் என்று தள்ளாதவன் அவன் ஒருவன்தான்.

அவன் கோபப்படுவான், வெளியே போ என்பான் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“ஆஸ்பத்திரில கடைசி நாள் மாஸ்க்கை எடுக்கச் சொன்னாங்க” என்றான் பிறகு. “‘நான் பொய் சொல்லலடா லாயிட்’னாங்க. நான், ‘பழசு எல்லாம் எதுக்கும்மா இப்ப, விடு’ன்னு சொன்னேன். மறுபடி மாஸ்க்கைப் போட்டுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பியும் எடுக்கச் சொன்னாங்க. ‘ஒக்கலிபுரத்துல அம்புஜம் இருக்கா. அவளப் போய்க் கேளு. அவளுக்குத் தெரியும், அவ சொல்லுவா’ன்னாங்க.”

அம்புஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் வரல ஆன்ட்டி. புக்கெல்லாம் போட்டவங்க, அவங்க மூஞ்சில போய் எப்படி முழிக்கிறதுன்னு வெக்கமா இருந்துச்சு. அம்மாகிட்ட, கேட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லல.” அவன் திரும்பி அவளை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் அமைதியாகத்தான் இருந்தது. “அன்னைக்கு நான் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

சொல்லியிருப்பேன்பா என்று சொல்லத்தான் அம்புஜத்துக்கு வாய் வந்தது. செத்துப்போனவளுக்காக, எதிரே உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளையின் மனசுக்காக, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றியது. சீனு வீட்டில் இருந்திருப்பான். விழாவுக்கு ஒரு மாதம் இருந்திருக்கும். வாசலில் இவன் வந்து நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

“தெரியலப்பா” என்றாள்.